நாலாம் எண்ணுக்கு மூன்று மதிப்பெண்

அன்பிலும் பொறுமையிலும் எனக்கு மூத்தவரும் வயதில் மட்டும் இளையவருமான என் மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்த நாள்முதல் உங்களுக்கு அத்தானாக இருந்துவரும் நான், வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையின் ஆடாத பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். சௌக்கியம் என்றால், எனக்கு ஒரு தலைவலி இருக்கிறது, அவளுக்கு நான் இருக்கிறேன், மற்றபடி குறையில்லை. அங்கே நீங்களும், உங்கள் முழங்காலும், போன தடவை நான் வந்தபோது பின்னறையில் ஒரு பீப்பாய்க்குப் போர்வை போர்த்தி ஊற வைத்திருந்தீர்களே, அந்த ரோஜாச்செடி உரமும், உங்கள் மாடியில் குடியிருக்கும் என் மகள் துளியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். தவிர, நீங்கள் போனில் பேசினால் மாடிவரைக்கும் கேட்கும்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பீர் காய்ச்சுவோர் சங்கத்தில் போட்டி உறைகளைப் பிரித்து, எந்த எண் யாருடையது என்று அறிவிக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் துளியைத் தனியாக உட்கார வைத்து, உங்கப்பன் உன் பீருக்குப் பத்துக்கு மூன்று போட்டுவிட்டான், ஆனாலும் ஆள் கெட்டவன் இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் மூன்று இடத்தில் வருவதைத்தான் கடைக்காரர்கள் எடுப்பார்களாம். இந்த முறையும் வராவிட்டால் பீர் காய்ச்சுகிற கொப்பரையை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவேன் என்று அவள் சொன்னது உங்கள் அக்கா வழியாக என் காதுக்கும் வந்தது. அவள் நாலாவதாக வந்திருக்கிறாள். இரண்டே மதிப்பெண்ணில் போயிற்று. அந்த இரண்டையும் சாப்பிட்டவன் நான்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் கடிதம் என்றால் முதலிலிருந்து சொல்வதுதான் முறை. குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் ருசி பார்த்தவன் நான். தினமும் காலையில் பத்து நீரேற்று நிலையங்களிலிருந்து பத்துக் குப்பிகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, பதிவேட்டில் நிறம்: இல்லை, மணம்: இல்லை, சுவை: இல்லை என்று எழுதுவேன். ஒன்றுமே இல்லாவிட்டால்தான் அது நல்ல தண்ணீர். இல்லை இல்லை என்று எழுதியே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றின மனுஷன் உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான் என்பாள் உங்கள் அக்கா. துளியும் அதே வாரியத்தில் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலே வருஷம். ஒருநாள் வந்து, வேலையை விட்டுவிட்டேன், மாமா வீட்டுக்கு அடுத்த பழைய டயர்க் கிடங்கில் பீர் காய்ச்சப்போகிறேன் என்றாள். “தண்ணியைச் சுத்தம் பண்ற வீட்டுல பொறந்துட்டு, தண்ணியைக் கெடுக்கப் போறியா?” என்று கேட்டேன். “கெடுக்கலப்பா. நீங்க அதுலேருந்து எடுத்ததையெல்லாம் நான் திருப்பிப் போடறேன்” என்றாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். விதி யாரை விட்டது? “அப்போ இனிமே எங்கிட்ட பேசாதே” என்று சொல்லித் தொலைத்தேன். அவள் சின்ன வயசிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிறவள். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். நான் பக்கத்தில் துணி மடிப்பதுபோல் நிற்பேன். “அப்பா எப்படி இருக்கார்?” என்பாள். உங்கள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இருக்கார்” என்பாள். போனை வைத்ததும், “நீரடிச்சு நீர் விலகுமா, நீங்களே ஒரு வார்த்தை பேசுங்களேன்” என்பாள். அழுத்தம் போதுமான அளவு இருந்தால் விலகும் என்று நான் வாரியத்துக்காரனாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

போன மாதம் சங்கத்தின் செயலாளர் வீடு தேடி வந்தார். ஒவ்வொரு தம்ளர் முடிந்ததும் சின்னதாக ஒரு மணி அடிப்பார் என்பதால் அவருக்கு மணிக்காரர் என்றே பெயர். போட்டிக்கு நடுவராக, பீர் பழக்கமில்லாத, ஆனால் பழகின நாக்கு ஒன்று வேண்டுமாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மச்சான், உங்களிடம் மறைப்பானேன், மனசு அங்கே எப்போதோ எழுந்து செருப்பை மாட்டிவிட்டது. என் மகள் காய்ச்சுவதை நான் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. கேட்டுக் குடிக்க ரோஷம் விடவில்லை. இது கேட்காமலே குடிக்கிற வழி. படிவத்தில், ‘போட்டியாளர்களில் உங்கள் உறவினர் உண்டா?’ என்று கேட்டிருந்தார்கள். ‘உண்டு. பேச்சுவார்த்தை இல்லை’ என்று உள்ளபடியே எழுதினேன். மணிக்காரர் படித்துப் பார்த்து, “அப்போ பிரச்சினையே இல்ல சார். அதோட, எல்லாமே நம்பர்தான், யாருதுன்னு எனக்கே தெரியாது” என்றார்.

போட்டி நடந்த அந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே! ஒரு பழைய அச்சகத்தின் மாடி. நீளமான அறை, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். மேசையில் வெள்ளை விரிப்பு, அதில் பதினான்கு கண்ணாடித் தம்ளர்கள். மத்தியான வெயில் ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து, விரிப்பில் ஒரு மஞ்சள், ஒரு செம்பு, ஒரு கறுப்பு என்று வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தது. யாரோ நடந்தால் தரை லேசாக அதிரும், அந்த வட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை அசைந்து கொடுக்கும். பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் வாழ்நாள் முழுக்க நிறம் இல்லாததைத்தான் தம்ளரில் பார்த்திருக்கிறேன். என்னோடு நடுவர்களாக ஒரு ரொட்டிக்கடைக்காரரும் ஒரு சென்ட் கடை அம்மாவும். அவர் கைக்கு மாவின் புளிப்பு தெரியும், அந்த அம்மாள் மூக்குக்கு மணம் தெரியும். நான் நாக்கு. உட்கார்ந்ததும் ஓரமாக இருந்த தம்ளரை எடுத்து உருட்டிப் பார்த்து, நிறம் இல்லை, மணம் இல்லை, வடக்கு நிலையத்துத் தண்ணீர், போன வாரம்தான் தொட்டி கழுவியிருக்கிறார்கள் என்று எழுதிப் பத்துக்குப் பத்து போட்டேன். மணிக்காரர் குனிந்து காதோரம் சொன்னார்: “சார், அது வாய் கொப்புளிக்கிற தண்ணி.”

முதல் தம்ளரை வழக்கப்படி உருட்டித் துப்பப் போனேன். ரொட்டிக்கடைக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “துப்பாதீங்க சார். பீர்ல கசப்பு தொண்டையில இறங்கும்போதுதான் தெரியும். முழுங்கினாத்தான் மார்க் போட முடியும்.” தொழில் தர்மம் என்று வந்தபிறகு என்ன செய்வது? முழுங்கினேன். பதினான்கு. ஒவ்வொன்றும் இரண்டு வாய்தான், ஆனால் தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. ஒன்றாம் எண் வெறும் மஞ்சள், குளிர்ச்சி மட்டும் இருந்தது, ஜன்னலில் கன்னத்தை வைத்த மாதிரி. இரண்டில் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டிருந்தார்கள். அதுதான் பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற பூவாம், அந்தக் கசப்பில் என் கடைவாய்ப்பல் நினைவுக்கு வந்தது. மூன்று நல்ல கறுப்பு. கருகின ரொட்டி வாசனை. நான் நாற்காலியோடு மெல்லத் தரையைவிட்டு ஓரங்குலம் எழும்பினாற்போல் இருந்தது. குனிந்து பார்த்தேன், எழும்பவில்லை.

நாலாம் எண் வந்தது. பழைய முறை ஏல் பீர் என்றார் மணிக்காரர்; அதாவது அதிகம் குளிரவைக்காமல், நுரையைப் பொங்கவிடாமல், அந்தக் காலத்தில் குடித்த மாதிரி. ஒரு வாய் எடுத்தேன். நாக்கின் ஓரத்தில் ஒரு துளி இரும்பு. பின்னாலேயே கொஞ்சம் சுண்ணாம்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மச்சான், அது கிழக்கு நீரேற்று நிலையம்! முப்பத்தொரு வருஷம் நான் மல்லுக்கட்டின இரும்பு அது, எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். கிழக்குக் குழாய் போகிற தெருக்கள் ஏழு. அந்த ஏழில் பீர் காய்ச்சுகிறவர் யார்? உங்கள் வீட்டுக்கு அடுத்த டயர்க் கிடங்கு. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்குத் தம்ளரே ஆடியது. அது எப்படி இருந்தது தெரியுமா? மழை வருவதற்கு முன்னால் ஒரு காற்று வருமே, கதவை எல்லாம் ஒருதரம் தொட்டுவிட்டு, அந்த மாதிரி வந்து, அவசரமே இல்லாமல் உட்கார்ந்து, தேனா வறுத்த தானியமா என்று சொல்லாமலே எழுந்து போயிற்று. போனபிறகும் அறையில் அது இருந்தது. பென்சிலால் எட்டரை என்று எழுதினேன்.

எழுதினதும்தான் பயம் பிடித்தது. இது ருசியா, பாசமா? இந்தக் கை முப்பத்தொரு வருஷத்தில் ஒரு குப்பிக்கும் சலுகை காட்டியதில்லையே! தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு இல்லையா? எட்டரையை அழித்து ஏழு போட்டேன். ஏழும் பெற்றவன் போட்டதாகத்தான் தெரிந்தது. ஐந்து போட்டேன். அப்புறம், யாரும் நாளைக்கு ஒரு சொல் சொல்லக்கூடாது என்று பேனாவை எடுத்து மூன்று என்று எழுதி, மூன்றுக்குப் பொருத்தமாகக் காரணமும் எழுதினேன். நிறம்: ஜன்னலோரம் வைத்து மறந்துபோன தேநீர். நுரை: உட்காரச் சொல்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளி. மணம்: ஈரச் சாக்கு. சுவை: இதைக் காய்ச்சியவர் வேறு தொழில் பார்க்கலாம், அது வாய்க்குள் போகாத பொருளாக இருப்பது நலம். எழுதி முடித்தபோது ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், பகையா?” என்றார். “நேர்மை” என்றேன். மணி அடித்துவிட்டது.

அதற்கப்புறம் ஐந்திலிருந்து பத்துவரை என்ன குடித்தேன், என்ன எழுதினேன் என்று உத்தேசமாகத்தான் தெரியும். குற்றம் செய்தவனுக்கு வாய் கைத்துப்போகும். ஒன்பதாம் எண் தாளில் நிறம், மணம், சுவை மூன்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேனாம். தம்ளரில் இன்னும் ஊற்றவில்லை என்று பிறகு தெரிந்தது. வெயில் மெதுவாக விரிப்பைவிட்டு இறங்கித் தரையில் நீண்டு படுத்துக்கொண்டது. பதினொன்றாம் எண் என் கையில் எப்போது வந்தது என்று நினைவில்லை. வெளிறின பொன் நிறம். ஒரு வாய் எடுத்து, பழக்கதோஷத்தில் முதலில் தண்ணீரைத் தேடினேன். மச்சான், அதில் தண்ணீரே இல்லை! கிழக்கு இல்லை, வடக்கு இல்லை, பத்து நிலையத்தில் எதுவும் இல்லை. நான் ஆயுள் முழுக்க எழுதின அந்த ‘இல்லை’ அப்படியே தம்ளருக்குள் இருந்தது. அந்த வெறும் இடத்தில்தான் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது: முதலில் தானியம், பிறகு ஏதோ ஒரு பூ, பிறகு எங்கள் பழைய பரிசோதனைக்கூடத்துச் சாயங்காலம். உயரமான முக்காலியில் ஆறு வயசுத் துளி, கால் தரைக்கு எட்டாமல். விடுமுறை என்று அழைத்துப் போயிருந்தேன். பத்துக் குப்பியையும் நான் செய்வதுபோலவே ருசி பார்த்துவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் பதிவேட்டில் சுவை என்ற இடத்தில் பத்து வரிசையிலும் ‘நல்லா இருக்கு’ என்று எழுதி வைத்துவிட்டாள். நான் ரப்பர் எடுத்து அழித்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்தபடி, அழிகிற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அது எனக்கு இருபத்தைந்து வருஷமாக நினைவே இல்லை மச்சான், அந்தப் பீர் எங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினொன்றின் தாளில் தண்ணீர்: இல்லை என்று எழுதினேன். சுவை என்ற இடத்தில் ‘நல்லா இருக்கு’ என்று எழுதினேன். கீழே, ‘இதைக் காய்ச்சிய பிள்ளை யாரோ, பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்’ என்றும் எழுதி ஒன்பதரை போட்டேன். யாரோ ஒருவர் பிள்ளைக்கு அள்ளிக் கொடுக்கக் கை வருகிறது, தன் பிள்ளைக்கு வரவில்லை. அன்றைக்கே எண்களை மட்டும் வைத்து மதிப்பெண்ணைக் கூட்டினார்கள்; அதுதான் முதல் இடம், நாலாம் எண் நாலாவது இடம்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். தெரு மிகவும் மெத்தென்று இருந்தது. முனையில் வாரியத்தின் வால்வு மூடி இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அடியில் ஓடுகிற தண்ணீரிடம் நடந்ததைச் சொன்னேன். அது நிதானமாகக் கேட்டது. உங்கள் அக்கா வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். “துளி நாலாவதாம், என்னாலதான்” என்றேன். “அவ பீர் குடிச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல” என்றாள். குடித்தேன் என்றேன். “எப்படி இருந்தது?” மழைக்கு முன்னால் வரும் காற்று என்றேன். “அதை எழுத வேண்டியதுதானே, கையில சுளுக்கா?” என்றாள்.

ஆகையால் மைத்துனரே, உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நடுவர் எழுதின தாள்களையும் உறையோடு சேர்த்துப் போட்டியாளர்களிடமே கொடுத்துவிடுவார்களாம். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அந்த ஈரச் சாக்கை அவள் படிப்பதற்குள் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். அந்த நாலாம் எண்ணைப்போல ஒன்றை நான் குடித்ததில்லை, அதைக் காய்ச்சின கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, மூன்று என்பது அப்பனுடைய கோழைத்தனத்தின் மதிப்பெண், பீருடையது அல்ல என்று சொல்லுங்கள். கொப்பரையை மூட வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். இல்லை, அதை மட்டும் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு முழங்கால் வலி தீரவும், மாடிப்படி உங்களிடம் தயவாக நடந்துகொள்ளவும், உரம் நன்றாக ஊறி ரோஜா செழிக்கவும் வாழ்த்துகிறேன். துளியின் தலையில் என் சார்பாக ஒருதரம் கை வையுங்கள், யாருடைய கை என்று சொல்ல வேண்டாம். உங்கள் அக்கா உங்களை எண்ணெய் பலகாரம் குறைக்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தலைவலி நீங்கலாக நலமாக இருக்கும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: நேற்றே தபாலில் போட்டிருப்பேன், மழை விடவில்லை. இன்று சனிக்கிழமை. காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் துளி. நனைந்துபோய் நிற்கிறாள், கையில் ஒரு தாள். மணிக்காரருக்குப் பொறுமை இல்லையாம், உறைகளை நேற்றே பிரித்துவிட்டாராம். நான் கண்ணை மூடிக்கொண்டு ஈரச் சாக்குக்குத் தயாரானேன். “அப்பா, இது உங்க கையெழுத்துதானே?” என்றாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒன்பதரை. நல்லா இருக்கு.

பதினொன்றுதான் அவளுடையது. கிழக்குக் குழாய்த் தண்ணீரை எட்டு மாதமாக வடித்து வடித்து, “நீங்க எழுதுவீங்களே அந்த ‘இல்லை’, அது வர்ற வரைக்கும் வடிச்சேம்பா. அப்புறம்தான் மத்ததெல்லாம் போட்டேன்” என்றாள். நான் மேசையில் இருந்த இந்தக் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். படித்து முடித்து, “என்னோடதுன்னு நினைச்சா மூணு, யாரோடதோன்னு நினைச்சா ஒன்பதரை. நல்ல அப்பாதான் போங்க” என்றாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். தாளை என் பக்கம் நகர்த்தி, “இந்தத் தடவை அழிச்சுட மாட்டீங்களே?” என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். உங்கள் அக்கா துண்டு கொண்டுவந்து அவளுக்குத் தலை துவட்டிவிட்டாள், அப்படியே எனக்கும் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான், “அப்போ அந்த நாலு யாருது? கிழக்குத் தண்ணியாச்சே?” என்று கேட்டேன். துளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், சிரித்து ஓய்வதற்குள் மழையே நின்றுவிட்டது.

மச்சான், உங்கள் வீட்டில் ரோஜாச்செடியே கிடையாது என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

நேற்றிலிருந்து நீங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரச் சாக்கு, ஈரச் சாக்கு என்று சொல்லியபடி பின்னறையில் உட்கார்ந்திருப்பதாகத் துளி சொல்கிறாள். ஆகவே மேலே துளியிடம் சொல்லச் சொன்னதையெல்லாம் தயவுசெய்து கண்ணாடி முன்னால் நின்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் வரும் காற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். தலையில் கை வைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நீரடித்து நீர் விலகாது என்று உங்கள் அக்கா சொன்னது சரி. நான் இரண்டு வருஷம் முழு அழுத்தத்தில் அடித்துப் பார்த்துவிட்டேன், விலகவில்லை. இது கைக்குக் கிடைத்ததும் கிளம்பி வாருங்கள், போர்வையோடு அந்தப் பீப்பாயையும் கொண்டு வாருங்கள். துளி இங்கேதான் இருப்பாள். எட்டரை. பேனாவில் எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன்.